உள்ளே தாழிட்ட கதவுக்கு வந்த பத்திரிகை

முருகனடியார்களே, காய்ச்சலில் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்பன் முருகனிடம் உடம்பு தேற வேண்டும் என்று கேட்கவில்லை. யாராவது வந்து என் கதவைத் தட்ட வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசி அது. வேலம்பாளையம் லைன் வீட்டில் கடைசி அறை என்னுடையது. மூட்டுக்கு மூட்டு வீங்கிப் போய், எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் மொள்ள முடியவில்லை. போன் தலைமாட்டில்தான் இருந்தது. யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். ஊரில் அண்ணன் இருக்கிறார். அவிநாசிப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை சுமதி இருக்கிறாள். இருந்தும் கை போகவில்லை. உடம்பு வலியைவிட அதுதான் எனக்குப் பெரிய வலியாக இருந்தது. வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தமும், வடக்கத்திப் பையன்கள் இந்தியில் பேசிச் சிரிக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. என் கதவு மட்டும் சும்மா இருந்தது.

என் பெயர் குமாரசாமி. நம் பாதயாத்திரைக் குழுவில் 'ஷேடு குமார்' என்றால்தான் பலருக்குத் தெரியும். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கு ஷேடு பார்க்கிற வேலை. சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எல்லாம் நீலம்தான். ஆனால் வேறு வேறு தடவை சாயம் ஏறியது கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அதைப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு பனியனுக்கு உடம்பை ஒரு ரோலிலும் கையை ஒரு ரோலிலும் வெட்டித் தைத்துவிட்டால் கம்பெனி லைட்டில் தெரியாது. வெயிலில் போனால் காட்டிக் கொடுத்துவிடும். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். வெளியில் இன்னொரு பெயரும் உண்டு. கல்யாணம் ஆகாதவன்.

நம் பக்கத்தில் என்னைப் போல நரை விழுந்தும் பெண் அமையாதவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சொந்த வீடு உண்டா, தனிக் குடித்தனம் உண்டா என்று கேட்டார்கள். பிறகு வயசைக் கேட்டார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். புரோக்கர் எதிரில் வந்தால், கண்ணில் தூசி விழுந்தவர்போல் திரும்பிக்கொள்வார். அதையெல்லாம் சிரித்தே தள்ளிவிட்டேன். தள்ள முடியாதது ஒன்று இருந்தது.

நம்மில் விசேஷத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைப்போம் அல்லவா? எனக்கு யாரும் வைத்ததில்லை. ஊரில் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு, "தம்பிக்கும் சொல்லிப்போடுங்க" என்பார்கள். கல்யாணம் ஆகாதவனைத் தனி வீடாக எண்ணுவதில்லை. கையில் சம்பளம், இடுப்பில் சாவி, பெயரில் வாடகை எல்லாம் இருந்தாலும் அவன் யாரோ ஒருவருடைய வீட்டில் ஒரு ஆள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. காலம் காலமாக அப்படித்தான். அண்ணன் சில சமயம் சொல்வார், சில சமயம் மறந்துவிடுவார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை.

சுமதியின் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டுமே, நான் புது வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பெரியவரே உக்காரட்டுமுங்க. அவரு குடும்பஸ்தரு" என்று அண்ணனைக் காட்டினார். சரியென்று நகர்ந்துகொண்டேன். பத்திரிகையிலும் அண்ணன் பெயர் மட்டும்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. சுமதி போன் செய்தால் வேலை இருக்கிறது என்பேன். கொஞ்ச நாளில் அவளுக்கும் சலித்துவிட்டது.

அந்த நிலையில்தான் காய்ச்சலில் கிடந்தேன், வேண்டினேன். சொன்னால் நம்புங்கள், பொழுது சாய்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

பக்கத்து அறை முத்துப்பாண்டி. சிவகங்கைப் பக்கத்துக்காரன், ஓவர்லாக் டெய்லர். அதுவரை அவனோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. மனைவி பிரிந்து போய்விட்டாள், ஊரில் யாரும் சேர்ப்பதில்லை என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. அவனோடு வெளுத்த உடை போட்ட இரண்டு பேர் நின்றார்கள். கையில் ஒரு தூக்குப் போசியில் கஞ்சி.

"ரெண்டு நாளா ஒங்க பைப்பு சத்தமே கேக்கலையேண்ணே. அதான் பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்றான் முத்துப்பாண்டி.

நான் அழுதுவிட்டேன். என் குழாய்ச் சத்தத்தைக் கேட்க ஒரு ஆள் இருந்திருக்கிறான்! வந்தவர்கள் என்னை உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள், துணியை அலசிப் போட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். முருகன்தான் அனுப்பினான் என்று நினைத்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் அவர்கள் கூடும் இடத்துக்குப் போனேன்.

மூடிப்போன ஒரு கம்பெனியின் மாடி அது. அதற்குப் பெயர் இல்லை. 'உள்ளே' என்றுதான் சொல்வார்கள். அங்கே வருகிறவர்கள் உள்ளாட்கள், மற்ற எல்லோரும் வெளியாட்கள். தலைமையில் ஒரு ஐயா. அதட்ட மாட்டார், கையை ஆட்ட மாட்டார், காதோடு பேசுவதுபோல் பேசுவார். உலகம் கலந்து கெட்டுவிட்டது, சீக்கிரம் நெருப்பு வரும், கலக்காமல் தனித்து நிற்கிறவர்கள் மட்டும் தப்புவார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதையா நம்பினாய் என்று கேட்பீர்கள். முதல் மாதம் நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நான் போனது நெருப்புக்குப் பயந்து அல்ல. படியேறியதும் "வாங்க குமாரசாமி" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காகப் போனேன். எனக்கென்று பாயில் ஒரு இடம் இருந்தது. ஒருநாள் ஓவர்டைம் என்று போகாமல் இருந்தால் மறுநாள் இரண்டு பேர் வந்து ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அங்கே ஒருவர்கூட "இன்னும் ஒண்ணும் அமையலீங்ளா?" என்று கேட்கவில்லை. கல்யாணம் ஆகாதது குறையே இல்லை, உன்னை உள்ளுக்கென்றுதான் கலக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது என்றார் ஐயா. இத்தனை வருடம் என்னைக் குத்திய முள்ளை அவர் ஒரே வார்த்தையில் மாலையாக்கிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் நெருப்பு என்றால் நெருப்பு, வெள்ளம் என்றால் வெள்ளம். பசித்தவன் சோற்றில் கல் பொறுக்குவானா?

நம் குழுவிலும் நான் இரண்டு தை மாதம் வரவில்லை. உங்களில் யாரும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கூட்டம் பெரிது. ஆனால் அங்கே கேட்டார்கள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தொழிலைத் தெரிந்துகொண்ட ஐயா ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவருக்குத்தான் நான் சொல்றது முழுசாப் புரியும். ஒரு ரோல்ல இன்னொரு ரோலைக் கலந்தா என்னாகும்னு இவரைக் கேளுங்க." என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு வாசலில் நின்று புதிதாக வருகிறவர்களைப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். யார் உள்ளுக்கு ஆவார், யார் ஆக மாட்டார் என்று நான் சொல்ல வேண்டும். இதுவரை பந்தலில் என்னை நகரச் சொன்னார்கள். இப்போது நகரச் சொல்வது நான். அந்த ருசி இருக்கிறதே, சாராயம் தோற்றுவிடும். கம்பெனியில், பஸ்ஸில், கடைவீதியில் மனிதர்களைப் பார்த்தால் பாவம், எரியப் போகிறவர்கள் என்று தோன்றும். உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வரும். அண்ணன் முகமும் மாப்பிள்ளை முகமும் அந்தக் கூட்டத்தில் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாக வாசல்கள் சாத்தப்பட்டன. வெளியாள் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது. வெளியாள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. கோயில் கலந்த கூட்டம், அங்கே போகக் கூடாது. அறையில் இருந்த முருகன் படத்தைக் கழற்றி, வேஸ்ட் பனியன் துணியில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்தேன். வீசி எறிய மட்டும் கை வரவில்லை. சுமதிக்கு ஒரு பையன் பிறந்ததாகச் செய்தி வந்தது. போகவில்லை.

போன ஆவணியில் ஐயா என்னையும் முத்துப்பாண்டியையும் கூப்பிட்டு, மலையடிவாரத்துக்குப் போகும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்திருப்பதாகச் சொன்னார். உடுமலைக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புக்குள், அவர்களுக்கு ஒரு இடம் உண்டு. அங்கே போனவர்கள் போன் வைத்துக்கொள்வதில்லை, திரும்பி வருவதுமில்லை. புதன்கிழமை கிளம்ப வேண்டும். அதுவரை வெளியாட்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கதவைத் தாழிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டேன். அப்போது பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஒரு பொருளை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பதுபோல என்னை வைக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று இருந்தது.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, நான் சுமதி வந்திருக்கறனுங்க."

தாழைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"செருப்பு கெடக்குது. உள்ளதான் இருக்கறீங்க. கதவத் தொறங்ணா."

அசையவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டாள் என்று நினைத்தபோது மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அவர் சாதாரணமாகக் கிண்டல் இல்லாமல் பேச மாட்டார். அன்றைக்குக் குரல் வேறாக இருந்தது.

"மச்சா, உங்க ஊட்டுக்குப் பத்திரிக வெக்க வந்திருக்கறமுங்க. பையனுக்குக் காது குத்து. ஊட்டுக்காரரு நீங்கதான? வெளிய வந்து வாங்கிக்கோங்க."

உங்கள் வீடு என்றார். வீட்டுக்காரர் என்றார். அந்தப் பத்தடி அறையில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்டேன். என்னைச் சுற்றிச் சுவர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

சுமதி பத்திரிகையைக் கதவுக்கு வெளியே நின்று சத்தமாகப் படித்தாள். குலதெய்வம் பெயர், நாள், நேரம். பிறகு, "தாய்மாமன், வேலம்பாளையம் குமாரசாமி" என்று படித்தாள். எங்கள் சொந்த ஊர்ப் பெயர் போடவில்லை. அண்ணன் பெயரோடு சேர்க்கவில்லை. வாடகை அறைதான், ஆனாலும் அதை என் ஊராக அச்சடித்திருந்தாள். லைன் வீடு முழுக்க வேடிக்கை பார்த்திருக்கும். படித்து முடித்துவிட்டு, வழக்கமாக எல்லா வீட்டிலும் சொல்வதைச் சொன்னாள்.

"குடும்பத்தோட வந்தரோணுமுங்ணா."

அந்த வார்த்தைதான் என்னைப் பேசவைத்தது. கோபத்தில்தான் பேசினேன். "எனக்கு ஏது குடும்பம்?" என்று உள்ளேயிருந்து கத்திவிட்டேன்.

"அப்ப நாங்க ஆருங்ணா?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. கதவின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னதாக ஒரு தட்டல் கேட்டது. பையன் தட்டுகிறான்.

தாழை எடுத்தேன்.

மாப்பிள்ளை தட்டை இரண்டு கையாலும் நீட்டியபடியே நின்றார். இவ்வளவு நேரமும் கீழே வைக்கவில்லை. நான் முதலில் பார்த்தது பையனைத்தான். அவன் போட்டிருந்த பனியனில் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். என் கண் அதற்குப் பழகியது, தப்புமா? மூத்தவள் குழந்தையாக இருந்தபோது கம்பெனியில் கழித்துப் போட்டதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பத்திரமாக வைத்திருந்து இவனுக்கும் போட்டிருக்கிறாள். கலந்து தைத்த பனியன்தான். பிள்ளை உடம்பில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நான் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. முந்திய தையில் சுமதி பழனிக்கு நடந்திருக்கிறாள். சின்ன அண்ணன் மடியில்தான் பிள்ளைக்குக் காது குத்துவேன், அவர் வராவிட்டால் குத்தாமலே விட்டுவிடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். "பிள்ளைக்கு மூணு வயசாகப் போகுது, இன்னும் காதுல ஓட்டையில்லையா?" என்று அவள் மாமியார் வீட்டில் பேசாத பேச்சு இல்லையாம். வாயைத் திறக்காமல் பொறுத்திருக்கிறாள். நான் முருகனைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த நாட்களில் எனக்காக ஒருத்தி அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் மலையடிவாரம் போகவில்லை. காது குத்து அன்று பையன் என் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதான். கையால் என் முகத்தில் அறைந்தான். எனக்கு அது ஆசீர்வாதமாக இருந்தது. கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். முருகன் படம் சுவரில் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறது. இதோடு முடிந்திருந்தால் இந்தச் சாட்சி நல்ல சாட்சியாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பக்கத்து அறை வாசலில் நின்று முத்துப்பாண்டி பார்த்துக்கொண்டிருந்தான். சுமதி கிளம்பிய பிறகு என் கையில் இருந்த தட்டைப் பார்த்தான். "கொடுத்து வச்சவருண்ணே நீங்க" என்றான்.

நான் சந்தோஷத்தில் இருந்தேன். "நீயும் வா முத்துப்பாண்டி. அங்கெல்லாம் போக வேண்டாம். காது குத்துக்கு எங்கூட வா" என்றேன்.

அவன் சிரித்தான். "பத்திரிகையில எம்பேரு இல்லையேண்ணே" என்றான்.

கேலி என்று நினைத்தேன். "அதனால என்ன, சும்மா வா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டேன். நடைபாதையில் நின்று, போகிற போக்கில், தம்பிக்கும் சொல்லிப்போடுங்க என்பதுபோல அழைத்தேன். எனக்கு எது வலித்ததோ அதையே அவனுக்குச் செய்தேன், அது எனக்குத் தெரியவும் இல்லை. புதன்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவன் அறை திறந்து கிடந்தது. உள்ளே பெருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

என் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை என்று வந்து தட்டியவன் அவன். அன்று வந்த கஞ்சி பொய்யில்லை, அந்தத் தட்டலும் பொய்யில்லை. இரண்டு தட்டலையும் முருகன்தான் அனுப்பினான் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். முதல் தட்டலை நம்மில் ஒருவர் தட்டியிருக்க வேண்டும். நாம் தட்டாததால் முத்துப்பாண்டி தட்டினான். அவனுக்குத் தெரிந்த இடத்துக்குத்தானே அவன் என்னைக் கூட்டிப் போவான்?

மலையடிவாரத்துக்கு நான் தேடிப் போனேன். தோப்பைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். மேலே காற்றாலை சுற்றுகிறது. கேட்டில் நின்றவர் என்னைத் தெரிந்தவர்தான், தெரியாதவர்போலப் பார்த்தார். "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றார். மறுபடியும் போனேன், அதே பதில்தான். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. பக்கத்து அறையில் வேறு ஆள் வந்துவிட்டார். காலையில் அங்கே குழாய்ச் சத்தம் கேட்டால் ஒரு நொடி அவன்தான் என்று நினைத்துவிடுகிறேன்.

அடியார்களே, முருகனை நம்புங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? என்னைவிட நீங்கள் நம்புகிறவர்கள். நான் கேட்பது ஒன்றுதான். இந்தத் தையில் நாம் பல்லடம், உடுமலை வழியாகத்தானே நடக்கப் போகிறோம். உடுமலையில் தங்கும் நாளில், கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை, அந்தத் தோப்பு வழியாகப் போவோம். நம் குழுவின் அன்னதானத்துக்கு நான் பத்திரிகை அடித்திருக்கிறேன். ஒரு பத்திரிகையில் 'வேலம்பாளையம் முத்துப்பாண்டி அவர்கள், குடும்பத்துடன்' என்று என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்று நாம் எல்லோரும் சேர்ந்து அதைச் சத்தமாகப் படிப்போம். அவன் பெயர் உள்ளே கேட்க வேண்டும்.

கேட்டைத் திறக்க மாட்டார்கள் என்று சொல்வீர்கள். என் கதவும் உள்ளே தாழிட்டுத்தான் இருந்தது. தட்டு என்னிடம் இருக்கிறது, பாக்கும் பழமும் நான் வாங்கி வைத்துவிடுகிறேன். வெற்றிலை மட்டும் உங்களில் ஒருவர் அன்று காலை உடுமலையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவனுக்கு வைக்கும்போது வாடாமல் இருக்க வேண்டும்.